ஐந்தாம் வேற்றுமை

சி.எம்.எச். ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல்
இரண்டாம் மாடி, ஒரே மின்விசிறி,
பதினோரு நர்ஸ்கள்.
மாலை ஆறரைக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் வாரத் தகராறே 'நான்' என்ற சொல்லில்தான்.
அதன் கடைசி ஒலி யார் வாயிலும் நிற்காது.
ராய்ச்சூர் நீலம்மா இஷ் என்கிறாள்
இம்பால் லிந்தோய் இக் என்று கொத்துகிறாள்.
கருங்கல் ஜெபசெல்வியை மட்டும் அருகே கூப்பிட்டு
எஃகு சொல்லு, 'கு'வை விழுங்கு என்றேன்.
வந்துவிட்டது.
மூன்று புள்ளி. பள்ளிக்கூடத்தோடு விட்டுவந்த எழுத்து.
தனிநிலை என்று அதற்கு இன்னொரு பெயர்.

பிறகு அந்த வாக்கியம்:
நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்.
துருக்கி, சுவிட்சர்லாந்து என்றால்
முன்னால் ஒரு குட்டிச் சொல் வேண்டும்
நமக்கு வேண்டாம் என்றதும்
வரிவிலக்கு கிடைத்ததுபோல் சிரித்தார்கள்.

இதற்குமுன் எப்போது சொன்னீர்கள் இதை?
'கருங்கல்னு சொல்வேன் மிஸ். தெரியாட்டி நாகர்கோவில்.
அதுவும் தெரியாட்டி கன்னியாகுமரி.
அதுக்கு மேல யாரும் கேட்டதில்ல.'
லிந்தோயைத் தினமும் கேட்கிறார்களாம்
லிஃப்டில், பானிபூரி வண்டியில்.
சொன்னாலும் நம்புவதில்லையாம்.
'நான்' பிசகினாலும்
நாட்டின் பெயரை வகுப்பிலேயே சத்தமாகச் சொன்னவள்
அவள்தான்.

'இலிருந்து': ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள்.
அல்சூர் தமிழ்ப் பள்ளியில் அடிவாங்கிப் படித்தது.
மரத்திலிருந்து பழம் விழுந்தது.
இந்தப் பெண்கள்
அந்தப் பழத்தின் வாயால்தான்
முதன்முதலாக மரத்தின் பெயரைச் சொல்கிறார்கள்.

நேற்று ஆட்டோக்காரர் யாவூரு என்றார்.
அல்சூர் என்றேன், கன்னடத்தில்.
அது சரி மேடம், ஊரு?
அல்சூரேதான். அப்பா பிறந்ததும் அங்கேதான்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
நான் மீட்டரைப் பார்த்தேன்.
கன்னடம் ரொம்ப நன்றாகப் பேசுகிறீர்கள் என்றார்.
காசெல் நகரத்து மருத்துவமனை அதிகாரியும் வீடியோவில்
இதையேதான் சொன்னாள், என் ஜெர்மனைப் பற்றி.
அவளுக்கு நன்றி சொல்லியிருந்தேன்.

அவள் இன்னொன்றும் கேட்டாள்:
உங்களுக்குள் இந்திய மொழியில்தானே பேசிக்கொள்வீர்கள்?
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீலம்மாவுக்கு இந்தி வராது
லிந்தோய்க்குக் கன்னடம் வராது
இங்கிலீஷில் இருவருக்குமே கோபம் வராது.
இன்று காலை திப்பசந்திரா பிஜியில் தண்ணீர் நின்றுபோய்
நிரம்பிய ஒரே வாளி யாருடையது என்று சண்டை.
ஜெபசெல்வி போனைத் தூக்கிப் பிடித்து
எனக்குக் கேட்கவிட்டாள்.
என் வாளி!
இல்லை, என் வாளி!
முழுக்க முழுக்க ஜெர்மனில்.

வாளி அந்த மொழியில் ஆண்பால்.
இரண்டு பேரும் பெண்பாலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.
திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம்.