ரெண்டு வள்ளத்தில் கால்

முட்டத்தில், ஐஸ் கம்பெனிக்கு அடுத்த கடை.
படகுகளின் எக்கோ சவுண்டரும் வயர்லெசும்
உப்புப் பூத்து எங்களிடம் வரும்.
பெர்க்மான்ஸ் போர்டு பார்ப்பான், நான் பவர் சப்ளை.
ஜூன், ஜூலை தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடந்தன.
எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

முன்னால் ஒரு ட்யூப், பின்னால் மாஸ்ஃபெட்
என்று படம் வரைந்து காட்டினேன்.
'ரெண்டு வள்ளத்துல கால வைக்கியா, வியாகுலம்?'
'கட்டுமரமும் தடியத் தடியோட
சேத்துக் கட்டுனதுதானே' என்றேன்.
அவன் அந்தப் பக்கம் திரும்பி ஈயத்தை உருக்கினான்.

டிரான்ஸ்ஃபார்மர் வடசேரியில் சுற்றியது,
வார்னிஷ் வாசம் போகவில்லை.
ஹீட்சிங்க் ஒரு செத்த இன்வெர்ட்டருடையது.
ட்யூப் தபாலில் வந்தது,
வாசிக்கத் தெரியாத ரஷ்ய எழுத்து ஒட்டிய பெட்டியில்
பஞ்சுக்குள்ளே, கோழிமுட்டை போல.

முதல் நாள் ஒரு மாஸ்ஃபெட் செத்தது.
மைக்காத் தகட்டின் கீழே
ஒரு அலுமினியத் துருவல், கண்ணுக்கே தெரியாதது.
புகை கூட வரவில்லை. 'டிக்' என்றது, அவ்வளவுதான்.
நாற்பத்தைந்து ரூபாய்.

ட்யூப்புக்கு நூற்றெழுபது வோல்ட்.
இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அளந்தேன்,
தலைமையாசிரியர் முன்னால் நிற்பவள் மாதிரி.
மெல்லச் சிவந்தது.
வெளிச்சம் என்று சொல்ல முடியாது,
யாரோ இழுக்காமல் வைத்துவிட்டுப் போன சுருட்டின் நுனி.
மாஸ்ஃபெட் ஒன்றும் காட்டாது.
நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறதுபோல் தொட்டால்தான்
காய்ச்சல் தெரியும்.

பாடியது.
கூடவே இரைந்தது.
பாட்டுக்கு அடியில் விடாப்பிடியாய் ஒரு மகர மெய்:
ம்ம்ம்ம்ம்.

ஒயரை முறுக்கினேன். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன்.
எர்த் எல்லாவற்றையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து இறுக்கினேன்.
மூன்று ராத்திரி.
ம்ம்ம்ம்ம்.
'ட்யூப்ப கழத்திப் போடு சவத்த' என்றான் பெர்க்மான்ஸ்.
சாப்பிடப் போகிறவன் போல் போய்
பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து நின்றான்.

நான்காம் ராத்திரி காற்றோடு மழை.
போனில் பதிந்த எங்கள் கோயில் பாடகர் குழுவின் ஒத்திகை
ஓடிக்கொண்டிருந்தது.
எங்கோ ஒரு தென்னமட்டை கம்பியில் விழுந்திருக்க வேண்டும்.
தெரு அணைந்தது.
நாட்டுப்படகுகளுக்காக ஓடிய ஐஸ் கம்பெனியின் ஒற்றைக் கம்ப்ரசர்
பெருமூச்சு விட்டு நின்றது.

ஆம்ப் நிற்கவில்லை.
கெப்பாசிட்டரில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு
நாலு நொடி பாடியது.

இரைச்சல் இல்லை.
துளி கூட இல்லை.
யாரோ தாள் புரட்டுவது கேட்டது,
பெஞ்சின் கால் தரையில் உராய்வது கேட்டது,
ஆல்ட்டோ வரிசையில், சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே,
ஒரு குரல் கேட்டது.
என் குரல்.

பிறகு எல்லாரும் கரகரத்து,
தண்ணீரில் இறங்குகிறவர்கள் போல் அமிழ்ந்து போனார்கள்.
இருட்டில் சுருட்டு நுனி மட்டும்
கொஞ்சநேரம்.

'போச்சா?' என்றான்.
'தொடாத, இன்னும் சார்ஜ் கெடக்கு' என்றேன்.

காலையில் ஐஸ் கம்பெனி எலக்ட்ரீசியன் செல்லத்துரையிடம்
எர்த் குழி எங்கே என்று கேட்டேன்.
பின்பக்கம், தகரக் கூரைக்கு அடியில்.
ஊரெல்லாம் நனைந்திருக்க அது மட்டும்
கரியும் உப்புமாய் வெடித்துக் காய்ந்து கிடந்தது.
இரண்டு குடம் ஊற்றினேன்.
இங்கேயும் ஒருத்தி தண்ணீர் ஊற்றுகிறாளே என்று
அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.
மிச்சத்துக்கு ஞாயிறுதோறும் ஒரு குடம்.

அந்த மயிரிழைக்கு எந்தக் குழியில் ஊற்றுவது?
கேட்டால், தனக்கு ஒன்றும் கேட்கவில்லை
என்கிறான் பெர்க்மான்ஸ்.
அவன் டெனர். எனக்கு நேர் பின்வரிசை.