கரைச்சாரு

அஸ்தம்பட்டி கோர்ட்டின் பின்கட்டில்
மொழிபெயர்ப்புப் பிரிவு.
சுற்றுவதா நிற்பதா என்று
மின்விசிறி தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறது.
என் மேஜையில் மேல்முறையீட்டுக் கட்டு.
வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போகவேண்டும்.

பக்கம் நாற்பத்தொன்று.
வாதி தரப்பு முதல் சாட்சி வெள்ளச்சி,
வயது நாற்பத்து நான்கு, வாழவந்தி கிராமம், ஏற்காடு.

'கைநாட்டு வெக்கமாட்டேன்னுதாங்க இருந்தேன்.
கொஞ்சங் கொஞ்சமா என்னைக் கரைச்சாரு.'

காலையிலிருந்து இந்த வரியிலேயே நிற்கிறேன்.

பெர்சுவேட் என்று போடலாம்.
எதிரெதிரே இரண்டு நாற்காலி வந்துவிடும்.
அவர் கணக்குச் சொன்னார், அவள் யோசித்தாள்,
தலையாட்டினாள், எழுந்து போனாள்.
கிரயம் செல்லும்.

இண்டியூஸ், சட்டத்துக்குப் பழகிய சொல்.
பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டிலும் அதே சொல்தான்:
வராத வலியை
ஊசி போட்டு வரவழைப்பது.

லூர் என்றால் தூண்டில். நுனியில் புழு வேண்டும்.
அவர் கொண்டுபோனதெல்லாம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது:
பையனுக்கு இருமல் மருந்து,
ஒரு கிலோ அச்சுவெல்லம்,
ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய்.
ஐந்தாம் முறை வந்தபோது
கையில் ஒன்றுமில்லை.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியைப் பார்த்தபடி
பொழுது சாயும்வரை
சும்மா உட்கார்ந்திருந்தாராம்.
அந்த ஐந்தாம் முறைக்குத்தான்
எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

கோக்ஸ்?
கிளம்பாத ஸ்கூட்டரிடமும்
பீரோவுக்கடியில் போய்விட்ட பூனைக்குட்டியிடமும்
நாம் செய்வது அது.
அதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கிறது.
பாசத்தை எப்படிப் பிரதிவாதி பேரில் எழுதுவது?

என்டைஸ் பவுடர் பூசிக்கொண்டு வரும்.
அதைப் படித்துவிட்டு நீதிபதி
வெள்ளச்சியைத்தான் ஒருமாதிரி நினைப்பார்.

நம்மிடம் மட்டும் குறைவா.
தாஜா, நைச்சியம், ஐஸ் வைப்பது,
மசிய வைப்பது, மனசைக் கலைப்பது.
அத்தனையும் விட்டு அவள் சொன்னது கரைச்சாரு.
குறுக்கு விசாரணையில் வக்கீல் சிரித்திருக்கிறார் போல:
'கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையுமென்று சொல்கிறீர்களா?'
பதில்: 'நான் கல்லில்லீங்க.'

மலையே அப்படித்தான்.
நேரே ஏறிவந்தால் யாரையும் விடாது.
இருபது கொண்டை ஊசி வளைவில்
திரும்பிப் போகிறவன்போலத் திரும்பித் திரும்பி
உச்சியை வாங்கிக்கொள்கிறது பஸ்.

மூன்றரைக்கு முத்தழகன் வந்தார்,
பிரதிவாதி வக்கீலின் குமாஸ்தா.
மேஜைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினார்.
'மல்கோவா மேடம். நம்ம தோப்புதான்.'
வேறெதுவும் கேட்கவில்லை.
விசிறியைப் பார்த்து, எலக்ட்ரீஷியனை அனுப்பறேன் என்றார்.
அக்கா மகள் கவுன்சலிங் என்னாச்சு என்றார்.
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே,
'நாப்பத்தொண்ணாம் பக்கம் வந்தாச்சா?
சொன்னார்னு போட்டாக்கூடப் போதும் மேடம்.
எல்லாரும் எதையாவது சொல்லத்தானே செய்யறோம்.'

வாசனை முழங்கால்வரை வந்து,
பிறகு மடிவரை வந்தது.

அவர் போய் அரைமணி கழித்துத்தான் கவனித்தேன்.
பெர்சுவேட் அப்படியொன்றும் மோசமான சொல் இல்லை,
சொல்லப்போனால் நாகரிகமான சொல் என்று
நானே எனக்கு
எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுந்துபோய் முகம் கழுவினேன்.

டிஸால்வ்ட் என்று அடித்தேன்.
அவர் என்னைக் கரைத்தார், சிறிது சிறிதாக.
ஆங்கிலத்தில் அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.
கம்ப்யூட்டர் அதனடியில் நீலக்கோடு போட்டு
வேறு சொல் பார்க்கலாமே என்கிறது,
ரொம்ப மரியாதையாக.

பெட்டியை டவாலியிடம் கொடுத்தனுப்பினேன்.
ஐந்து பழம் இருந்தது.
வந்தபோது எத்தனை என்று
நான் எண்ணவில்லை.