இன்னும் இருபத்துமூன்று நிமிடம்

வெள்ளவத்தையில் கதை தொடங்கியபோது
ஒருவன் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கப் போனான்.
திரும்பி வரவில்லை.
மொத்தம் எட்டு மணித்தியாலம் நாற்பது நிமிடம் என்றது திரை.
தம்பிலுவிலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வாசிக்கிறவள் சென்னைக்காரி.
மழையை மளை என்கிறாள்.
குணரூபன் ஒவ்வொரு மளைக்கும்
ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டித் திருத்திக்கொண்டு வந்தார்.
ஹபறணை தாண்ட அதையும் விட்டுவிட்டார்.
கதைக்குள் அடைமழை.
வெளியே கானெல்லாம் புழுதி,
மன்னம்பிட்டி வரைக்கும் ஒரு நெல் லொறியின் முதுகு.

வெலிக்கந்தையில் யானைக்காகக் காரை நிறுத்தியபோது
கதையையும் நிறுத்தினேன்,
அதற்குக் கேட்டுவிடும் என்பதுபோல.
அது காட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகும்
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கதையில் யாரோ கிணற்றடியில்
வாளியைப் பாதி இழுத்தபடி நின்றார்கள்.

புனானையில் இன்ஸ்பெக்டர் கேட்டான்:
பெயர்? எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?
குணரூபனின் இடக்கை
சட்டைப் பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தொட்டுவிட்டு வந்தது.
"அது கதைக்குள்ள" என்றேன்.
"தெரியும்" என்றார்.
வீதியில் தடை ஒன்றும் இல்லை. மாடுகள்தான்.

ஓட்டமாவடிப் பாலத்தில் ஒருவரைச் சந்தேகித்தோம்,
ஏறாவூரில் இன்னொருவரை.
கல்லடியில் வாவிக் காற்றுக்குக் கண்ணாடியை இறக்கினால்
வசனம் பறந்துபோகிறது.
திரும்ப ஏற்றினேன்.
காத்தான்குடிப் பேரீச்சைகளைக் கடக்கும்போது
மனைவி பொய் சொன்னவள் என்று தெரிந்தது.
"நான் அப்பவே சொன்னனான்" என்றார்.
சொல்லவேயில்லை.

தம்பிலுவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் கார் கிறுகியபோது
மிச்சம் இருபத்துமூன்று நிமிடம்.
படலையடியில் நிறுத்திவிட்டு
இருந்த இடத்திலேயே இருந்தோம்.

மச்சாள் டோர்ச்சோடு வந்து கண்ணாடியில் தட்டினாள்.
"என்னகா, சண்டையா?"
உதட்டில் விரல் வைத்தேன்.
பாலாணம் அடுப்பில் இருக்கு என்று முணுமுணுத்தபடி
பின்சீற்றில் ஏறினாள்.
பிறகு அவள் மகன் யதுசன், தலையில் சோப்பு நுரை காயாமல்.
கடைசியாக அண்ணன், சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு.
"ஏறுங்க, இல்லாட்டிக் கதவச் சாத்துங்க, நுளம்பு வருது."

ஐந்து பேர் ஒரு காருக்குள் இருந்து
எங்களுக்கு ஒன்றுமில்லாத ஒருவனைத் தேடினோம்.
பத்து நிமிடம் இருக்க அகப்பட்டான்.
ஏதோ ஒரு லொட்ஜில், வேறு பெயரில், உயிரோடு.
காலில் தைத்த செருப்பு.
"முருகா" என்றாள் மச்சாள்.

அண்ணனுக்குக் கதையில் கால்வாசிகூடத் தெரியாது.
"எவ்வளவு நேரத்தில கண்டுபிடிச்சாங்க?"
"எட்டரை."
"வருஷமா?"
"மணித்தியாலம்."

தொண்ணூறில் சின்னண்ணன் பஸ் ஏறினது
இந்த ஒழுங்கை முடிகிற இடத்தில்.
கந்தோர் கந்தோராகப் போய்வந்த கோவை
இப்போது அலுமாரிக்கு மேலே,
நூல் கட்டி.

வாசித்தவள் தன் பெயரைச் சொல்லி முடித்தாள்.
யாரும் இறங்கவில்லை.
"நான் துவக்கம் கேக்கல்லையே" என்று
யதுசன் ஈரக் கையை நீட்டித் திரையைத் தொட்டான்.
ஒருவன் மறுபடி அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு
வீட்டைவிட்டு வெளியே வந்தான்.

அண்ணன் கதவைத் திறந்து
ஒரு காலை மண்ணில் வைத்தார்.
மற்றக் காலை எடுக்கவில்லை.
"கொஞ்சம் சத்தமா வை, புள்ள."