பன்னிரண்டாம் கிழமைக்குள்

நாலு காலும் வெள்ளை.
பள்ளிக்கூடச் சப்பாத்து மாதிரி என்றான் பெரியவன்.
அதுவே பேராகிவிட்டது.

ஏழு கிழமைக் குட்டிக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டு
மிருக வைத்தியர் விரல் மடித்துக் கணக்குச் சொன்னார்:
இன்னும் ஐந்து கிழமை.
அதற்குள் எதைப் பார்க்கிறதோ
அதுதான் இதற்கு உலகம்.
பிறகு வருவதெல்லாம் அந்நியம்.
இரண்டாம் ஊசி வரைக்கும் டவுன் மண்ணில் இறக்காதே,
தூக்கி வைத்துக் காட்டு.

ஐந்து கிழமை என்றால் முப்பத்தைந்து பகல்.
அதில் பாதி மழை.

எங்கிருந்து தொடங்குவது?
பீலியில் வாளி நிறையும் இரைச்சல்.
கொழுந்து லொறி.
தகரத்தில் மழை.
குடை. விரிந்த குடை, மடங்கிய குடை,
காற்றில் புரண்டு மலையிறங்கி ஓடும் குடை.
முதல் நாள் குடையைக் கண்டு மூத்திரம் பெய்தது.
மூன்றாம் நாள் அதன் கீழே தூங்கியது.

மருந்து டாங்கியை முதுகில் சுமந்து
முகத்தைத் துணியால் மூடி வருகிற செபஸ்தியானிடம்
துணியை இறக்கி ஒருதரம் சிரித்துவிட்டுப் போ என்றேன்.
நாலு நாள் நின்று சிரித்தான்.
இருபது வருசத்தில்
அவன் பல்லை அப்போதுதான் பார்த்தேன்.

பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோகக் கூடாதுதான்.
வெல்பெயார் ஐயா வராத நாளாய்ப் பார்த்து
கூடைக்குள் வைத்துப் போனேன்.
அங்கே எனக்குப் பதினொரு பிள்ளைகள்,
எல்லாரும் தவழ்கிற உயரம்.
யதுஷிகா காதைப் பிடித்து இழுத்தாள்.
அது கையைக் கவ்வியது.
பல் பதியவில்லை; ஆனாலும் நான்தான்
கூடப் பிறந்த குட்டி கத்துவதுபோல
"ஆவ்" என்றேன்.
எழுந்து இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வந்து
ஒரே முந்தானையை இழுத்தார்கள்.
பல் எவ்வளவு இறங்கலாம் என்று அதற்கும்
காது எவ்வளவு நீளும் என்று இவளுக்கும்
அன்றைக்குத் தெரிந்தது.

கடித்தால் விளையாட்டு முடியும்.
உட்கார்ந்தால் ரொட்டித் துண்டு.
அவ்வளவுதான் என் பாடம். அடி கிடையாது.
"எனக்கு இந்தப் பொறுமை காட்டலியே"
என்றார் வீட்டுக்காரர்.
"நீங்க பன்னிரண்டு கிழமை தாண்டித்தானே கைக்கு வந்தீங்க"
என்றேன்.

பதினோராம் கிழமை, பொகவந்தலாவை.
பஸ் ஹோர்ன், மீன்காரனின் தராசு,
கோயில் தவில், பொலிஸ்காரரின் பூட்ஸ்.
கூடையிலிருந்து தலையை நீட்டி
எல்லாவற்றையும் மோந்தது.
எல்லாருக்கும் வால்.
திரும்பி வரும்போது
சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.
எதற்கும் பயப்படாத ஒன்றை
என் கையால் ஆக்கியிருக்கிறேன்.

அடுத்த வியாழன் விடிய
மேல் லயத்து ஞானசோதி வீட்டு வாசலில்
சங்கிலி மட்டும் கிடந்தது.
கறுப்பன் குரைத்த சத்தம்கூட
யாருக்கும் கேட்கவில்லையாம்.

பீலிக்குப் போகிற பாதையில், ஈர மண்ணில்,
என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம்.
சிறுத்தை.
சப்பாத்து அதையும் மோந்தது.
அதற்கும் வாலாட்டியது.

இதற்கு எந்த ரொட்டித் துண்டைக் காட்டுவது?
எந்தப் பக்கம் முதுகைத் திருப்புவது?
குந்தி உட்கார்ந்து
கழுத்தில் கை வைத்தேன், இழுத்துப் போக.
கை நடுங்கியது.
நான் நடுக்கத் தீர்மானித்த நடுக்கம் இல்லை.
அது என் விரலை மோந்தது.
தடத்தை மோந்தது.
மறுபடி விரலை.
வால் மெதுவாய் இறங்கி
வெள்ளைக் கால்களுக்கு இடையில் போனது.

இரவு கதவுக்குக் கொண்டி போட்டேன்.
உள்ளே நாலு பேரும் ஒரு நாயும்.
"இன்னும் ரெண்டு நாள் இருக்கேம்மா,
நாளைக்கு என்ன காட்டுவோம்?"
என்றான் பெரியவன்.

தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
காதை மட்டும் ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு
சப்பாத்து படுத்துக்கொண்டது.
அது ஏற்கெனவே தெரிந்த சத்தம்.