அரை மணித்தியாலம்

எக்ஸ்டென்ஷன் இறங்கி முடிய நாற்பது நிமிடம்.
கல்லடியில் டொங்கிளுக்கு இரண்டு கோடு சிக்னல்,
மழை கனத்தால் ஒன்று.
டெஸ்க்டொப் பழசு. ஏதோ ஒரு திட்டம் மூடப்பட்டபோது
மேசையோடு எங்களுக்கு வந்தது.
உள்ளே பல்லி முட்டை இரண்டு கண்டெடுத்தோம்.

போஸ்ட்கிரெஸ் பதினாறு இருக்கிறது.
நான் இறக்கியது பதினைந்துக்கானது.
திரும்பவும் நாற்பது நிமிடம்.
றிஸ்மியா ஏறாவூரிலிருந்து கொண்டுவந்த
இடியப்பப் பார்சலை இரண்டாய்ப் பிரித்தாள்.

இரண்டாம் முறை:
முதலிலேயே ஏற்றியிருக்க வேண்டும் என்கிறது,
எதை எங்கே என்று சொல்லவில்லை.
கொன்பிக் பைலில் எழுநூற்றுச் சொச்சம் வரி.
தேடிப் போனால் அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது,
தலைமாட்டில் ஒரு வேலிக்குறியோடு,
யாரும் கூப்பிடாததால் பேசாமல்.
குறியை அழித்தேன்.
ஒற்றை மேற்கோளுக்குள் பெயரை எழுதினேன்.
சேர்விஸை நிறுத்தி, எழுப்பினேன்.
இந்தமுறை அது ஒன்றுமே சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

மறுகா, அட்டவணையைக் காலத் துண்டுகளாக அறுக்கச் சொன்னேன்,
ஏழு நாளுக்கு ஒரு துண்டு.
வாவியின் நீர்மட்டம், இரண்டு கரை, ஒன்பது வருடம்.
றிஸ்மியா றெஜிஸ்டரைப் பார்த்துப் பார்த்து
விரல் வீங்கத் தட்டிய வரிகள்
முரண்டு பிடிக்காமல் உள்ளே போயின.

படம் கீறிப் பார்த்தோம்.

தொண்ணூற்றொன்பது மார்கழி.
முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டிய நாள்.
கால் மணிக்கு ஒருதடவை அளந்திருக்கிறார்கள்.
வெட்டியது பத்து நாற்பதுக்கு.
கடலுக்குக் கிட்ட இருக்கிற கல்லடி
முதலில் வற்ற வேண்டும்.
படத்தில் படுவான்கரை முந்திக்கொண்டது.
மண்வெட்டி விழுவதற்கு முன்னமே
தண்ணீருக்குச் செய்தி போய்விட்டதுபோல
மண்முனைக்கு அந்தப் பக்கம் கோடு சரிகிறது,
பத்தரைக்கு.

"பிழையாத் தட்டிட்டனாகா?"
றிஸ்மியாவுக்கு முகம் செத்துப்போயிற்று.
இல்லை, றெஜிஸ்டரிலும் அதுதான்.
நீல மை, நிமிர்ந்த எழுத்து, ஓர் இடத்திலும் வெட்டு இல்லை.

கொக்கட்டிச்சோலைக்குக் கோல் எடுத்தேன்.
அன்று அளந்த வேலாப்போடிக்கு ஞாபகம் துல்லியம்.
"பத்தரைக்கு இறங்கத் துவங்கினது."
பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல,
"எந்த நேரம் கேக்கிறீங்க புள்ள?
எங்கட நேரமா, அவங்கட நேரமா?"

றிஸ்மியா அப்போது எட்டு மாதக் குழந்தை.
அவளுக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது:
கொழும்பு மணிக்கூட்டை முன்னால் தள்ளியது,
அக்கரை தள்ளவில்லை.
தோணியில் பத்து நிமிடம்.
ஏறுவது ஏழு மணிக்கு,
இறங்குவது ஆறு நாற்பதுக்கு.
திரும்பி வரும்போது வட்டியோடு கட்டுவோம்.
இடையில் எங்களை நிற்கவைத்த நேரம்
இரண்டு மணிக்கூட்டிலும் இல்லை.

கால வலயப் பட்டியலைத் திறந்தேன்.
பனிக்கட்டிக்கு நடுவே பத்துப் பேர் இருக்கிற தளத்துக்கும்
அதில் ஒரு பெயர்.
ஆசியா, கொழும்பு உண்டு.
படுவான்கரை இல்லை.
பெயர் இல்லாவிட்டால் எண்ணைக் கொடுக்கலாம்.
மேற்குக் கரையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால்
கூட்டல் ஐந்தரை என்று ஒட்டினேன்.
ஆறாயிரத்துச் சொச்சம் வரி, ஒரே கட்டளை,
நான்கு செக்கன்.

திரும்பக் கீறினோம்.
பத்தே முக்காலுக்குக் கல்லடி இறங்குகிறது.
பதினொன்றுக்கு அக்கரை.

யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. கரண்ட் போயிற்று.
"சேவ் பண்ணிட்டீங்களா?" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.

நாளைக்குத் தொண்ணூற்றாறு.
அந்த வருடம் நடுவில் ஐந்து மாதம்
பிசகு அரை மணி அல்ல, ஒன்று.
வேலாப்போடி அதே நீல மையில் எழுதியிருப்பார்,
காலை ஆறு, மாலை ஆறு என்று.
எந்த ஆறு என்று
அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது.