ஒற்றைப்படை

நாலு நம்பர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
சுங்காய் கடைத்தெருவில் ஹப் லீ மின்சாமான் கடை.
கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று சால்டரிங் அயர்ன்களை
வரிசையாகப் படுக்கவைத்தாள் மெய் ஃபூன்.
பதினெட்டு வெள்ளி. நாற்பத்தைந்து. நூற்று முப்பது.

ஆலையில் எடைமேடை என் வேலை.
குலை ஏற்றி வரும் லாரி, இறக்கிவிட்டுப் போகும் லாரி,
கழித்து எழுதுவேன்.
பன்னிரண்டு வருஷமாய் டன் கணக்கில் நிறுத்த கைக்கு
பேனா கனமுள்ள ஒன்றை
எப்படி நிறுப்பதென்று தெரியவில்லை.

முதலாவது அறுபது வாட்.
பிடி மரவள்ளிக்கிழங்குத் தடிமன்.
போன வருஷம் இதன் அண்ணனிடம்தான்
ஒரு பலகையைக் காவு கொடுத்தேன்.
மூன்று எண்ணுவதற்குள் செம்புப் பொட்டு
தோல்போல் உரிந்து முனையோடு எழுந்து வந்தது.

மூன்றாவதுக்குப் பெட்டி உண்டு, எண் காட்டும் திரை உண்டு.
ஒயர் வெந்த மீ மாதிரித் துவண்டு தொங்கியது.
ஆசையாய் இருந்தது.
நூற்று முப்பது என்பது
வீட்டுக்காரரின் மோட்டாருக்கு இரண்டு டயர்.

நடுவில் உள்ளதற்குப் பிடியிலேயே ஒரு குட்டிச் சக்கரம்,
இருநூறு முதல் நானூற்றைம்பது டிகிரி வரை.
ஒயர்தான் பிடிவாதக்காரன்,
வளைத்த இடத்தில் வளைந்தபடியே நின்றான்.
முனை ஊசி. அழகுதான்,
ஆனால் எறும்பு வாயால் யார் சோறு ஊட்டுவது?
உளி முனை கேட்டேன்.
போலே, போலே, நாலு வெள்ளி சேர்த்துக் கொடு என்றாள்.

எதற்கு அக்கா இதெல்லாம்?
ஆந்தை எண்ண.
அவள் மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினாள்.

எலிக்காகச் செம்பனைக்குள் கம்பம் நட்டுப்
பெட்டி மாட்டியிருக்கிறது தோட்டம்.
பதினேழாம் பெட்டி காலி, கழற்றலாம் என்று
எழுதிக் கொடுத்துவிட்டார் மண்டோர் சூசைராஜ்.
அதன் கீழே எலிமுடி உருண்டை பார்த்திருக்கிறேன் நான்.
வாசலில் ஓர் ஒளிக்கோடு,
அது அறுபடும்போதெல்லாம் ஒன்று கூடும்.
அவ்வளவுதான் என் இயந்திரம்.

சமையல் மேசையில் குங்கிலிய வாசம்.
வீட்டுக்காரர் எதுவும் பேசாமல்
காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டுப் படுத்தார்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இங்கே பித்தளைச் சுருளில் குத்திக் குத்தி எடுத்தால்தான்
ஈயம் பூசிய முனை இளிக்கிறது.

முதல் நாள் காலை: பூஜ்யம்.
இரண்டாம் நாள்: பூஜ்யம்.
ஆந்தை வரவில்லையா, ஈயம் ஒட்டவில்லையா?

பலகையைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டு புள்ளிகள் வியர்வைத் துளியாய் மின்ன
ஒன்று மட்டும் சாம்பல் நிறம்,
மூக்கடைத்த முகம்.
காலை மட்டும் சுட்டிருக்கிறேன், பொட்டைச் சுடவில்லை.
சக்கரம் முந்நூற்று நாற்பதில்.
உளி இரண்டையும் ஒருசேரத் தொட்டது.
ஒன்று, இரண்டு.
ஈயம் தானே ஓடிப் போய்ப் படிந்தது.

மறுநாள் அந்தியில் சூசைராஜ் ஏணி வைத்து ஏறி
பெட்டிக்குள் டார்ச் அடித்தார்.
பார்த்துக்கோ, காலி.
பார்த்தேன். காலிதான்.
ஏணியை அப்படியே பிடிக்கச் சொல்லி
நானும் ஏறி மாட்டிவிட்டு வந்தேன்.

காலையில் கார்டு அடிக்கும் முன்னே மோட்டாரில் போனேன்.
பனியில் திரை மங்கியிருந்தது, துப்பட்டாவால் துடைத்தேன்.
பதினொன்று.

வந்தது, போனது, வந்தது, போனது...
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
எடைமேடைக் கணக்குத்தான்.
கழித்தால் ஒன்று மிச்சம்.

சூசைராஜ் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு
கழற்றலாமா என்று வந்தார்.
சத்தம் போடாதீங்க, என்றேன்,
தூங்குது.