பத்தொன்பது மில்லிமீட்டர்

ராயப்பேட்டையில் டயர்க் கடைக்கு மேல் மாடி.
கறுப்புப் பலகையில் ஆறு தடம்,
காடியில் ஊசி செருகி ஓடும் குட்டிக் கார்கள்.
சங்கத்துக்குப் பத்து வயசு,
அதற்கொரு கார், நிறம் நீங்களே தீட்டுங்கள்,
ஜெயித்தது முந்நூறு பிரதி வரும் என்றார்கள்.

ஆளுக்கொரு வெள்ளைத் தாள்.
எல்லாரும் தீ வரைந்தார்கள்.
சம்பத்குமார் புலி வரைந்தார்.
அவர் மகன், தீப்பிடித்த புலி.

நான் வெள்ளையை வெள்ளையாகவே விட்டேன்.
கதவில் மட்டும் ஒரு கோடு,
ஆறிப்போன டீயின் நிறத்தில்.
கோட்டுக்குக் கீழே சேறு.
வேளச்சேரியில் அந்த டிசம்பர்
எங்கள் தெருவில் இரண்டடி நின்றது.
முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால்
பத்தொன்பது மில்லிமீட்டர்.
ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன்.

"பிரிண்டிங் மிஸ்டேக்கா?"
நடுவர் டெரன்ஸ் கேட்டார்.
இல்ல சார், தண்ணி.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

தீப்பிடித்த புலிக்குப் பதினாலு ஓட்டு.
எனக்கு இரண்டு.
ஒன்று நானே போட்டது,
விதியில் தடையில்லை.

மாதிரி ஓட்டத்தில் அந்தப் புலி
மூன்றாம் வளைவில் தடம் விட்டுப் பறந்து
யாருடைய சமோசாவிலோ விழுந்தது.
சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே.

இறங்கும்போது தூறல்.
காலையிலேயே மழை எச்சரிக்கை கேட்டு
ஆல்டோவை மேம்பாலத்து ஏற்றத்தில் விட்டிருந்தேன்.
போலீஸ் திட்டும், திட்டட்டும்.
அதன் பின்னால் ஒட்டினாற்போல்
இன்னொரு கார் நின்றிருந்தது,
பின்சக்கரத்துக்குக் கல் வைத்து.